காசியம்மாள் படுத்துக்கொள்ளும் நாள்

வருஷத்தில் ஒரு நாள் காசியம்மாளுக்கு மயங்கி விழ வேண்டிய வேலை இருந்தது. சும்மா விழுந்தால் போதாது. மாடியில் பின்பக்கத்துக் கடைசி அறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே, புகையில் மூச்சு முட்டியவளாகக் கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். நான்கு பிள்ளைகள் ஸ்ட்ரெச்சரோடு வந்து தூக்கிப் போகும்வரை அசையக் கூடாது. பள்ளிக்கூடத்தில் நடக்கும் தீ விபத்து ஒத்திகையில் அடிபட்டவள் வேஷம் எப்போதும் அவளுக்குத்தான். அந்த நாளுக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருந்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், அது நிஜம்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் பேட்டையின் முதுகில் சாய்ந்தாற்போல இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். காசியம்மாள் அங்கே கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்து, வாந்தி எடுத்த பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுகிறவள். வேலைக்குச் சேர்ந்தபோது முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை. சேர்ந்த அன்றைக்கே ‘ஆயாம்மா’ ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் துடைப்பத்தைக் கையில் எடுத்தவளிடம் யாரும் வயசு பார்ப்பதில்லை, பெயரும் கேட்பதில்லை.

அவள் வாழ்ந்த வாழ்க்கையை ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் சுமை என்று சொல்லிவிடலாம். சோகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன். கருவேப்பிலங்குறிச்சியில் பிறந்த வீட்டில், நடக்கப் பழகிய கையோடு தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டார்கள். அப்புறம் தண்ணீர்க் குடம், அப்புறம் கரும்புத் தோகைக் கட்டு. தனக்கோடிக்கு வாக்கப்பட்டு டவுனுக்கு வந்தபின் பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, தலைக்கு மேல் ஏந்தி, காய வைக்கும் கொட்டகைக்குக் கொண்டு போக வேண்டும். சுடாத மண், எங்கேயாவது லேசாக இடித்தால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும். அதனால் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். பிறகு தனக்கோடி லாரியில் லோடு ஏற்றும்போது விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். ஒரு மழைக்காலம் முழுக்க அவனையும் தூக்கினாள். அவன் தேறி எழுந்து, இப்போது திட்டக்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறான்.

அவளை யாரும் தூக்கியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கியிருப்பார்கள்தான். அதெல்லாம் நினைவில் தங்குமா?

ஒத்திகை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீயில் பிள்ளைகளுக்கு நேர்ந்ததற்கு அப்புறம் எல்லாப் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரைகளும் போயின, சுவர்களில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்கின. அந்த மணலில் பிள்ளைகள் பென்சில் சீவிப் போட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. அறிவியல் பாடத்துக்கு அன்புச்செல்வன் சார் மாற்றலாகி வந்த பிறகுதான் இது சூடுபிடித்தது. மனுஷர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். மணி நிறுத்தாமல் அடித்தால் ஆபத்து என்று பொருள். ஈரக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சுவரை ஒட்டி, ஓடாமல் நடந்து இறங்க வேண்டும். மைதானத்துப் புங்க மரத்தடியில் வகுப்பு வகுப்பாக நிற்க வேண்டும், வாத்தியார்கள் தலையை எண்ண வேண்டும். புகை இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் புத்தியில் ஏறும் என்று, பீங்கான் சாமான்களுக்கு இடையில் வைத்துக் கட்டுகிற வைக்கோலைக் கொஞ்சம் வாங்கி வந்து, நனைத்து, தகர டின்னில் போட்டுக் கொளுத்துவார்.

முதல் வருஷம் ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணைத்தான் அடிபட்டவளாகப் படுக்க வைத்தார். சாயங்காலமே அவளுடைய அம்மா கேட்டருகில் நின்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். உயிரோடு இருக்கிற பிள்ளையை நாலு பேர் சேர்ந்து படுத்த வாக்கில் தூக்கி வருவதா, அதுவும் செவ்வாய்க்கிழமையில், உங்கள் வீட்டுப் பிள்ளையை இப்படித் தூக்குவீர்களா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை, சாரும் ஒப்புக்கொண்டார். அடுத்த தடவை ஆசிரியர்களில் யாராவது படுக்கலாமே என்றார். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்குப் புதுப் புடவை, இன்னொருவர் குனிந்து மும்முரமாகப் பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்துவிட்டார். டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த காசியம்மாள், தான் வேண்டுமானால் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அப்படித்தான் தொடங்கியது.

முதல் தடவை தூக்கியபோது பயந்துபோய்க் கழியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே சுற்றிய பழைய ஜமுக்காளம் முதுகுக்குக் கீழே குழிந்து, அவள் உடம்பை அப்படியே வாங்கிக்கொண்டது. நடக்க ஆரம்பித்தார்கள். மூடிய இமைக்குமேல் வராந்தா வெளிச்சம் விழுந்தது, விலகியது, மறுபடி விழுந்தது. தூண்கள் போய்க்கொண்டிருந்தன, அவள் சும்மா இருந்தாள். படி இறங்கும்போது கால் மேலேயும் தலை கீழேயுமாகச் சரிந்து, வயிற்றுக்குள் ஏதோ கூச்சமாகச் சிரித்தது. வெளியே வந்ததும் கண்ணைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்த்தாள். வானம் மட்டும்தான் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு புகைபோக்கி தலைகீழாக நின்று வெள்ளையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புங்க இலைகள் மெல்ல வந்து வானத்தை மூடின. மாசி மகத்துக்குப் பழமலைநாதரைத் தோளில் சுமந்து வரும்போது கூட்டத்தில் நின்று கும்பிட்டிருக்கிறாள். மேலே அசைந்தசைந்து வருகிற சாமிக்கு ஊர் எப்படித் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமியைத் தூக்குகிறார்கள், செத்தவரைத் தூக்குகிறார்கள். நடுவில் கிடக்கிற மனுஷியைத் தூக்க ஒரு விபத்தாவது வேண்டியிருக்கிறது, அது பொய் விபத்தாக இருந்தாலும் சரி. மரத்தடியில் இறக்கி வைத்து, சார் நாடி பார்த்து, பிழைத்துவிட்டாள் என்று அறிவித்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுப்பார்கள். அவளுக்கு எழுந்திருக்கவே மனசு வராது. அந்த ஆட்டம் பல நாள் உடம்பில் இருக்கும். கக்கூஸ் கழுவும்போதுகூடத் தரை லேசாக மிதக்கும். வீட்டில் தனியாக இருக்கும் மத்தியானங்களில் பாயில் மல்லாந்து படுத்து, உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, தான் எங்கோ போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வாள். எங்கே என்று அவளுக்கும் தெரியாது. போய்க்கொண்டிருப்பதே போதுமாக இருந்தது.

வருஷம் ஏற ஏற நடிப்பும் கூடிவிட்டது. ஸ்ட்ரெச்சர் பிள்ளைகள் வாசலில் தெரிந்ததும் ஈனக் குரலில் ஆரம்பிப்பாள். “என்ன வுட்டுட்டு ஓடுங்க கண்ணுங்களா, நெருப்பு கிட்ட வந்துடுச்சு.” பிள்ளைகளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. போன வருஷம் ஸ்ட்ரெச்சர் குழுவுக்குத் தலைவியாக வந்த தமிழினி மட்டும் சிரிக்கவில்லை. எட்டாவது படிக்கும்போதே கலெக்டர் மாதிரி முகம். “பேசாதீங்க ஆயாம்மா, நீங்க மயக்கத்துல இருக்கீங்க” என்று அதட்டித்தான் தூக்கினாள். காசியம்மாள் சட்டென்று மயங்கிக்கொண்டாள்.

இந்த வருஷம் தலைமையாசிரியை செல்வநாயகி ஒரு முடிவு எடுத்தார். ஒத்திகை நாளைச் சொல்லி வைத்தால் பிள்ளைகள் காலையிலேயே கைக்குட்டையை நனைத்து மடித்து எடுத்து வந்துவிடுகிறார்கள், நெருப்பு என்ன சொல்லிவிட்டா வரும், ஆகவே இம்முறை யாருக்கும் சொல்லாமல் திடீரென்று மணி அடிப்போம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ கொண்டு போன காசியம்மாளுக்குத்தான் கவலையாகிவிட்டது. சொல்லாவிட்டால் தான் எப்படிப் போய்ப் படுப்பது? அவசரத்தில் அவளை விட்டுவிட்டே ஒத்திகையை முடித்துவிட்டால்? அடுத்த வருஷம்வரை எதை நினைத்துக்கொண்டு பாயில் படுப்பது?

இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு அன்புச்செல்வன் சாரிடம் கேட்டேவிட்டாள். அவர் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். “மணி வுடாம அடிச்சா நீங்க பாட்டுக்கு மேல போயி படுத்துக்குங்க ஆயாம்மா. பசங்க வந்து தூக்கிப்பாங்க” என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். சொன்னதை அந்த நிமிஷமே அவர் மறந்தும் போனார்.

ஆடி பிறந்தது. கொலு பொம்மைகளுக்கு ஆர்டர் வரும் மாதம் அது. பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் கொட்டகையில் வைக்கோல் கூரை முட்ட ஏறிவிட்டது. காற்று வீசும்போது துரும்புகள் சுவர் தாண்டி வந்து விழுந்தன. காசியம்மாள் அவற்றைப் பெருக்கித் தள்ளினாள். தினமும் தலையைப் படிய வாரிக்கொண்டு, கிழிசல் இல்லாத புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு ஒன்றுமில்லை என்றாள்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து குழாயடியில் குண்டான் கழுவிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நிற்கவில்லை. காற்றில் வைக்கோல் புகை வந்தது. அவளுக்கு மனசு துள்ளிக் குதித்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முகத்தையும் ஒரு துடை துடைத்துக்கொண்டு, பின்பக்கத்துப் படியில் ஏறினாள். முன்பக்கத்துப் படியில் பிள்ளைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களின் கண் பிள்ளைகள் மேல் இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் மேலே போனதை யாரும் கவனிக்கவில்லை.

கடைசி அறையில் பெஞ்சுகளை ஒதுக்கிப் படுத்துக்கொண்டாள். சிமெண்டுத் தரை முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மணி ஓய்ந்தது, காலடிச் சத்தங்களும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. பள்ளிக்கூடம் இவ்வளவு அமைதியாகி அவள் கேட்டதே இல்லை. ஜன்னல் வழியாகப் புகை மெல்லிசாக வந்து வெயிலில் மிதந்தது, அறையே மஞ்சளாகி, கனவில் வருகிற இடம் மாதிரி ஆகிவிட்டது. அன்புச்செல்வன் சார் இந்த வருஷம் தாராளமாகத்தான் கொளுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். கொட்டகையில் வரிசையாக நின்று காயும் பொம்மைகள் நினைவுக்கு வந்தன. அவையும் இப்படித்தான், யாராவது வந்து எடுக்கிறவரை பேசாமல் இருக்கும். பிள்ளைகள் வருவார்கள். ஜமுக்காளம் குழியும், வானம் வரும். அவள் கொஞ்சம் தூங்கியும் போயிருக்கலாம்.

இருமல்தான் எழுப்பியது. தொண்டை எரிந்தது. டின்னில் வருகிற புகை இப்படிச் சுடாது. பட்டென்று ஜன்னல் கண்ணாடி ஒன்று தெறித்து விழுந்தது. எழுந்து பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வைக்கோல் கொட்டகை முழுக்க ஒரே நெருப்பாக நின்றது. ஆடிக் காற்று அந்த நெருப்பைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது வெட்கம். இந்த வயசில் வேஷம் கட்டிக்கொண்டு வந்து படுத்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது. பின்பக்கப் படிக்குப் போகலாமென்று வாசலுக்கு வந்தாள். அங்கே புகை சுருண்டு மேலேறிக்கொண்டிருந்தது. கண் இருட்டியது, திரும்பி வந்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வராந்தாவின் மறுகோடியில் ஓடி வருகிற காலடிகள் கேட்டன. கூடவே மூங்கில் கழி சுவரில் இடிக்கிற சத்தமும் கேட்டது.

பிள்ளைகள் வருகிறார்கள். ஒத்திகை என்று நினைத்துக்கொண்டு, அவளைத் தூக்க வருகிறார்கள். அவள் ஆசைப்பட்டுப் படுத்ததற்கு நான்கு வீட்டுப் பிள்ளைகள் நெருப்பைப் பார்த்து ஓடி வருகிறார்கள்.

“வராதீங்க, ஓடிடுங்க, நெருப்பு வந்துடுச்சு” என்று கத்தினாள். புகை அடைத்த தொண்டையில் அது ஈனக் குரலாகத்தான் வந்தது. ஒவ்வொரு வருஷமும் நடித்துச் சொன்ன அதே பேச்சு, அதே குரல். இனி எந்த வாயால் சொன்னால் நம்புவார்கள்? ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நான்கு பேரும் உள்ளே நுழைந்தார்கள். தமிழினி அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தாள்.

“நெசமாவே நெருப்புடி, வெளையாட்டு இல்ல.”

“பேசாதீங்க ஆயாம்மா. படுங்க.”

வாதாட நேரமில்லை. அவள் படுக்காமல் இந்தப் பெண் நகர மாட்டாள், நகராவிட்டால் நான்கும் இங்கேயே நிற்கும். காசியம்மாள் படுத்தாள். தூக்கினார்கள்.

இந்தத் தடவை எதுவும் மிதக்கவில்லை. பிள்ளைகள் மூச்சு வாங்குவதும், ஒருத்தன் இருமுவதும், கழியைப் பிடித்த கைகள் நழுவி மறுபடி இறுகுவதும் முதுகில் தெரிந்தன. இத்தனை வருஷம் மேலே படுத்து வானம் பார்த்தவளுக்குக் கீழே இருக்கிற கைகளைப் பற்றி ஒரு நாளும் நினைப்பு வந்ததில்லை. சுமந்தே வளர்ந்தவள், அவளுக்கே வரவில்லை! உடம்பைச் சுருக்கிக்கொண்டாள், மூச்சை அடக்கிப் பார்த்தாள், அதனால் எடை குறைந்துவிடும் என்பது போல. முன்படியில் ஒருத்தன் கால் வழுக்கிச் சமாளித்தான். பழமலைநாதா, இதுங்களைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, அப்புறம் இந்த ஜென்மத்தில் நான் படுக்கவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள்.

படியடியில் அன்புச்செல்வன் சார் எதிரே ஓடி வந்தார். ஒன்பதாம் வகுப்பில் நான்கு தலை குறைகிறதென்று மறுபடி எண்ணியபோதுதான் தெரிந்திருக்கிறது. ஒரு கழியைத் தான் பிடித்துக்கொண்டார். எல்லோருமாக கேட்டைத் தாண்டி, பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தியிருந்த எதிர்ச் சாரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வானத்திலிருந்து கறுப்புத் துரும்புகள் உதிர்ந்துகொண்டிருந்தன. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. கொட்டகை போயிற்று, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் கரியாயிற்று, மாடி ஜன்னல்கள் உடைந்தன. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

ஸ்ட்ரெச்சரைக் கீழே வைத்ததும் காசியம்மாள் துள்ளி எழுந்து தமிழினியின் தோளில் ஓர் அறை விட்டாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“அறிவு இருக்குதாடி உனக்கு? வெளையாட்டுன்னு நெனச்சிக்கிட்டு நெருப்புக்குள்ள வந்துட்டீங்களே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா உங்க அம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?”

தமிழினி மூக்குத் துணியை அவிழ்த்தாள். முகம் முழுக்கக் கரி.

“வெளையாட்டுன்னு நெனைக்கல ஆயாம்மா. கீழ எறங்குனதுமே நெருப்ப பாத்துட்டோம்” என்றாள். “எல்லா கிளாஸும் எண்ணுனாங்க. உங்கள யாரும் எண்ணல. நீங்க மேல போயி படுத்திருப்பீங்கன்னு எங்களுக்குத்தான தெரியும்?”

காசியம்மாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. அப்புறம் எதற்காகப் படுக்கச் சொன்னாய் என்று கேட்டாள்.

“நீங்க பெஞ்ச புடிச்சிக்கிட்டுத் தள்ளாடுனீங்க. நடக்க வுட்டா படியில வுழுந்துடுவீங்கன்னுதான்.”

கேட்டுக்கொண்டு நின்ற அன்புச்செல்வன் சார் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னது தான்தான் என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார். பிள்ளைகளைத் திட்டுவதற்காக வேகமாக வந்த செல்வநாயகி டீச்சர் பாதியிலேயே நின்றுவிட்டார். அவர் காசியம்மாளின் முந்தானையில் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லை எடுத்துப் போட்டார். அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

அப்படியானால் அது ஒத்திகை இல்லை. நெருப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவளைத் தேடி, அவளுக்காகவே மாடி ஏறி வந்திருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே அவளைத் தூக்கியிருக்கிறார்கள். அவளோ வழியெல்லாம் விவரம் தெரியாமல் வந்துவிட்டார்களே என்று பதறிக்கொண்டே வந்திருக்கிறாள். அடித்த தோளைத் தடவிக் கொடுத்தாள். கை தானாகவே இறங்கி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தது. திருப்பிப் பார்த்தாள். கழி அழுத்திய உள்ளங்கை சிவந்து, விரல் அடியில் தோல் உரிந்திருந்தது.

“ரொம்ப கனமா இருந்தனா கண்ணு?”

“இல்ல ஆயாம்மா” என்றாள் தமிழினி.

தம்பியைச் சுமந்தபோதும், தனக்கோடியைத் தூக்கியபோதும் காசியம்மாள் வாயில் வந்தது இதே பொய்தான். யாரிடமோ ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி, முந்தானை நுனியை நனைத்து, அந்த உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.